மாதாவுக்குப் பின்னால் நின்ற போத்தல்

அருமைராசா வைன் செய்கிறவர் என்பது மொன்றியல் தமிழரில் அநேகமாக எவருக்கும் தெரியாது. அப்பிள் தோட்டத்தில் வேலை என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தார்கள். நம்பவைத்தது அவருடைய மனைவி மாக்கிரட். ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது யாராவது "அண்ணை, இப்ப எங்கை வேலை?" என்று கேட்டால், அவர் தொண்டையைச் செருமுவதற்குள் மாக்கிரட் முந்திக்கொள்வாள்.

"அப்பிள் தோட்டத்திலை. சரியான தூரம். விடியக் காலமை போனால் பொழுதுபட்டுத்தான் வாறார்."

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். அருமைராசா ஒரு பொய்யும் சொல்லவில்லை, எல்லாவற்றையும் அப்பிளாகவே கொடுத்துத் தீர்த்தார். ஒவ்வொரு புரட்டாதியும் வரும் வழியில் காரை நிறுத்தி, நிசமான அப்பிள் தோட்டம் ஒன்றில் நாலு கூடை வாங்கிவந்து கோவில் மண்டபத்து மேசையில் வைப்பார். சனம் கடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணையின்ரை தோட்டத்து அப்பிளுக்கு ஒரு தனி ருசி" என்று புகழும். அவரும் தலையை ஆட்டுவார்.

மாக்கிரட்டைக் குறை சொல்லவும் முடியாது. அவள் யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் பாசையூர்க்காரி. அவளுடைய தகப்பன் கடலுக்குப் போன நாளைவிடக் கசிப்புச் சாராயத்துக்குப் போன நாள்தான் அதிகம். அவள் முதல் நன்மை வாங்கிய அன்று, வெள்ளைச் சட்டையும் முக்காடுமாகப் பீடத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்றபோது, தகப்பன் நடுக்கோவிலால் தள்ளாடிக்கொண்டு வந்து பீடப்படியில் விழுந்து, அங்கேயே சத்தியெடுத்தான். கோவில் முழுக்கப் பார்த்தது. இரண்டு வருடம் கழித்து முழங்காலளவு கடல்தண்ணீரில் முகங்குப்புறக் கிடந்து செத்தான். மன்னார் வரைக்கும் நீந்துவேன் என்று சவால்விட்ட மனுசன், எழும்பி நிற்க முடியாமல் செத்துப்போனான்.

ஆகவே தொண்ணூறாம் ஆண்டு மொன்றியலுக்கு வந்து இறங்கியவள், கலியாணத்துக்கு முதல் நாள் அருமைராசாவைக் கோவிலுக்குக் கூட்டிப்போய் மாதா சுருவத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

"எனக்கு நகை நட்டு ஒண்டும் வேண்டாம். ஒரு துளி குடியும் உங்கடை தொண்டைக்குக் கீழை இறங்கக் கூடாது. மாதாவுக்கு முன்னாலை சொல்லுங்கோ."

சொன்னார். அப்போது அவர் டவுன்டவுன் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். குடிப்பழக்கம் முன்னரும் இருந்ததில்லை. இதைவிட லேசான வாக்கு உலகத்தில் இல்லை என்று எண்ணிக்கொண்டு சொன்னார். கடவுளுக்கும் பகிடி விடத் தெரியும் என்பது அவருக்குப் பிறகுதான் விளங்கியது.

கோப்பை கழுவி வெறுத்துப்போய், ஜான்-டலோன் சந்தையில் பெட்டி இறக்கும் வேலைக்குச் சேர்ந்தார். புரட்டாதி ஐப்பசியில் கலிபோர்னியாவிலிருந்து லொறி லொறியாகக் கொடிமுந்திரிகைப்பழம் வந்து இறங்கும். இத்தாலியக் கிழவர்கள் குடும்பத்தோடு வந்து இருபது முப்பது பெட்டி வாங்கிக்கொண்டு போய், வீட்டு நிலவறையில் பிழிந்து வைன் வைப்பார்கள். அருமைராசாவுக்குப் பெட்டியைத் தூக்கும் வேலைதான். ஆனால் தோளில் வைத்த மாத்திரத்தில், "இதிலை அடியிலை ஒரு குலை பூஞ்சணம் பிடிச்சிருக்கு" என்பார். கொட்டிப் பார்த்தால் இருக்கும். கூட வேலைசெய்த விமலநாதன் அதைக் கண்டு சிரிப்பான்.

"உனக்கு முதலிலை மூக்கு முளைச்சுத்தான் மற்றதெல்லாம் முளைச்சிருக்கு."

அந்தச் சந்தைக்குப் பழப்பாகும் பழச்சாறும் கொண்டுவந்து விற்கிறவள் மடாம் ஜெர்மென். மொன்றியலுக்குத் தென்கிழக்கே ஒன்றரை மணி நேரத் தொலைவில் அவளுக்கு ஒரு முந்திரிகைத் தோட்டம் இருந்தது. கியூபெக் குளிர் கொடியைக் கொன்றுவிடும் என்பதால், அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு கொடியின் அடியையும் மண் அணைத்து மூடவேண்டும், இளவேனிலில் அந்த மண்ணை விலக்கவேண்டும். தொண்ணூற்றேழில் அந்த வேலைக்கு ஆள் போதாமல் அவள் தவித்தாள். அருமைராசா ஊரில், இளவாலையில், உருளைக்கிழங்குக்கு மண் அணைத்த கை. இரண்டு கிழமைக்கு என்று போனவர் அங்கேயே தங்கிவிட்டார். முதலில் மண், பிறகு கத்தரிப்பு, பிறகு பிழிகிற இடம், பிறகு தொட்டி கழுவுவது. தொண்ணூற்றொன்பதில் வைன் செய்கிறவன் சொல்லாமல் கொள்ளாமல் விலகிப் போனபோது, மடாம் ஒரு கிளாசை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் மணந்தார். வாயில் ஊற்றிக் கொப்பளித்தார். கறுப்பு வாளியில் துப்பினார். "இது அவசரப்பட்டுப் பிழிஞ்சது" என்றார். அன்று தொடங்கி நிலவறைத் திறப்புக் கொத்து அவரிடம்தான்.

வாக்கு வாக்குத்தான். தொண்டைக்குக் கீழே இறங்கக் கூடாது என்றுதானே மாக்கிரட் கேட்டாள். தொண்டைக்கு மேலே அவர் வேலை செய்தார். வைன்காரர் எல்லாருமே வேலைநேரத்தில் துப்புகிறவர்கள்தான். ஆனால் அறுவடை விருந்தில் எல்லாரும் குடித்துப் பாடும்போதும் அவர் மட்டும் தண்ணீர்க் கிளாசோடு இருப்பார். "சமைக்கிறவன் பட்டினி கிடக்கிற மாதிரி" என்று மடாம் கேலி செய்வாள். ஒவ்வொரு தடவையும் துப்பும்போது அவருக்குக் கொஞ்சம் நோகத்தான் செய்தது. பெற்ற பிள்ளையைத் தூக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பதுபோல இருந்தது.

அவருக்குப் பள்ளிக்கூடம் என்று ஒன்று அமையவில்லை. பிரெஞ்சுப் புத்தகங்களை அகராதியோடு படித்தார். கடினமான சொற்களை மகள் அஞ்சலீனா வாசித்துச் சொன்னாள். நாக்கின் ருசியைச் சொல்ல மட்டும் பிரெஞ்சு வரவில்லை. பெரிய வைன்காரர்கள் சொல்லும் பழங்களையும் பூக்களையும் அவர் கண்டதில்லை. ஆகவே தமிழில் ஒரு கொப்பி வைத்திருந்தார். ஒரு வைனுக்கு ஒரு பக்கம். "நாவற்பழத் துவர்ப்பு." "புளியங்காய், இன்னும் ஒரு கிழமை விட்டிருக்கலாம்." "வாய் நிறையேல்லை." "நல்ல பிள்ளை, ஆனால் கதைக்கப் பயம்." ஒவ்வொரு வருடமும் ஒரு போத்தலைத் திறந்து சுவைத்துப் பார்த்து, அதே பக்கத்தில் அடுத்த வரியை எழுதுவார். மடாம் கேட்டால் தெரிந்த பிரெஞ்சில் சொல்லுவார். அவள் ஒற்றை எழுத்தும் தெரியாத அந்தக் கொப்பியைத்தான் நம்பினாள். ஏனென்றால் அதில் பொய் இல்லை.

பொய் இல்லை என்பதற்கு இரண்டாயிரத்து நாலில் ஒரு சாட்சி கிடைத்தது. ஒரு தொட்டி சிவப்பு வைன், தொள்ளாயிரம் லீற்றர், புளித்து வினாகிரிப் பக்கம் சரியத் தொடங்கியிருந்தது. மிகமிகக் கொஞ்சம்தான். "யாருக்கும் தெரியாது" என்றாள் மடாம். "எனக்குத் தெரியும்" என்றார் அருமைராசா. அவள் பார்த்துக்கொண்டு நிற்கவே குழாயைத் திறந்துவிட்டார். நிலவறைத் தரை சிவந்து ஓடியது. மடாம் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் வந்து, தன் பெயரைப் போட்டு விற்கும் போத்தலில் இனி அவருடைய பெயரும் இருக்கவேண்டும் என்றாள். அவர் வேண்டாம் என்றார். காரணம் சொல்லவில்லை. வீட்டிலிருக்கும் பாசையூர்க்காரி எங்காவது ஒரு கடையில் அந்தப் பெயரைக் கண்டுவிடுவாள் என்பதுதான் காரணம்.

அவருக்கு இந்த உலகத்தில் ஒரேயொரு ஆசை இருந்தது. தான் செய்வது கசிப்பு இல்லை என்று மாக்கிரட் ஒருநாள் சொல்லவேண்டும். குடிக்க வேண்டியதில்லை. "நல்ல வேலைதான் செய்யிறியள்" என்று ஒரு சொல் போதும். சனம் முழுக்கப் புகழ்ந்த அப்பிளைவிட அந்தச் சொல்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

அதற்காக ஒருமுறை முயன்றும் பார்த்தார். இரண்டாயிரத்தோராம் ஆண்டு வெள்ளை வைன் கொடியிலிருந்து போத்தல்வரை முழுக்க அவருடைய கையால் வந்தது. கொப்பியில் அந்தப் பக்கத்தின் முதல் வரி: "பச்சை அப்பிள். எலுமிச்சம்பூ. கடைசியில் மழைக்கு முந்தின மண்." முதலாவது போத்தலில் ஒட்டிய கடதாசியில் பேனையால் "மாக்கிரட்டுக்கு" என்று எழுதி, பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டுக் குசினி மேசையில் கொண்டுவந்து வைத்தார். வேலையால் வந்த மாக்கிரட் கோட்டைக்கூடக் கழற்றாமல் அதைப் பார்த்தாள்.

"இதை ஏன் வீட்டுக்குள்ளை கொண்டந்தனீங்கள்?"

"குடிக்கச் சொல்லேல்லை. பாக்கத்தான்."

"பாத்திட்டன்."

அவ்வளவுதான். மறுநாள் காலையில் மேசை வெறுமையாக இருந்தது. தொட்டிக்குள் ஊற்றிவிட்டாள் என்று அருமைராசா முடிவுகட்டினார். குசினித் தொட்டியில் குனிந்து மணந்துகூடப் பார்த்தார். ஒரு மணமும் இல்லை. சவுக்காரம் போட்டுக் கழுவியிருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டார். நாலு பெட்டிக்குக் கீழே இருக்கும் பூஞ்சணத்தைக் கண்டுபிடிக்கிற மூக்கு அது. அன்று ஒருநாள் மட்டும் அவர் அதை நம்பவில்லை. கோபம் கண்ணை மட்டுமா மறைக்கும்.

அதன்பிறகு வைன் என்ற சொல்லே அந்த வீட்டில் எழவில்லை. அவர் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. சோறும் கறியும், பிள்ளையின் படிப்பும், கோவிலும் கதைத்தார்கள். நல்ல குடும்பம் என்றுதான் பெயர். ஏழு வருடம் இப்படியே போனது.

இரண்டாயிரத்தெட்டு மாசியில் மாக்கிரட் வைத்த கறியில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. மறுநாள் உப்பே இல்லை. அந்த வைகாசியில் வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்ற ஏற்ற, இருந்த கொஞ்ச ருசியும் போனது. "செப்புக் காசை வாய்க்குள்ளை வைச்ச மாதிரிக் கிடக்கு" என்றாள். வாயெல்லாம் புண். நாக்கை நம்பிப் பிழைத்த மனுசனின் வீட்டில் கடவுள் ஒரு நாக்கைப் பறித்தார். ஐப்பசியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொல்ல, அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் கட்டில் போட்டார்கள். அந்த வருடம் கொடிகளுக்கு மண் அணைக்க அருமைராசா போகவில்லை.

கட்டிலுக்கு நேரே சுவரில் மாதாவின் தட்டு. பெரிய மாதா சுருவம், பக்கத்தில் இரவும் பகலும் எரிகிற சிவப்பு மின்குமிழ், கடதாசிப் பூக்கள். சனிக்கிழமை தோறும் மாக்கிரட் துடைப்பாள். வேறு எவரும் தொடக் கூடாது.

கார்த்திகை நடுப்பகுதியில் ஒரு பின்னேரம், வெளியே முதற்பனி தூறிக்கொண்டிருந்தது. அஞ்சலீனா கல்லூரிக்குப் போயிருந்தாள். மாக்கிரட் கண்ணைத் திறந்தாள்.

"இஞ்சருங்கோ. மாதாவுக்குப் பின்னாலை ஒரு சாமான் இருக்கு. எடுங்கோ."

சுருவத்தை மெதுவாக நகர்த்தினார். பின்னால் ஒரு போத்தல் நேரே நிமிர்ந்து நின்றது. அதில் அவருடைய கையெழுத்து இருந்தது.

"நீர் இதை ஊத்தேல்லையோ?"

"ஊத்த மனம் வரேல்லை. குடிக்கவும் மனம் வரேல்லை." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதுதான் மாதாட்டைக் குடுத்து வைச்சனான். சனிக்கிழமை சனிக்கிழமை துடைக்கிறனான். வடிவாய் வைச்சிருக்கிறன் என்ன?"

"ஓம்" என்றார் அருமைராசா. "வடிவாய்த்தான் வைச்சிருக்கிறீர்."

போத்தலைக் கையில் எடுத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. வைன் போத்தலைப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் தக்கை காய்ந்து காற்று உள்ளே போகும். இருட்டும் குளிரும் வேண்டும். இது ஏழு வருடம் நின்றிருக்கிறது, கணகணவென்ற மின்குமிழின் பக்கத்தில். வைக்கோல் நிறத்தில் அவர் அடைத்த வைன் தேத்தண்ணி நிறத்தில் நின்றது. வீட்டிலேயே மிக உயர்ந்த இடம் அதுதான் என்று அவள் அங்கே வைத்தாள். படுக்கவை என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஏழு வருடத்தில் அந்த ஒரு சொல்லுக்கு இந்த வீட்டில் இடமிருக்கவில்லை.

"திறவுங்கோ" என்றாள். "நான் ஒருக்காப் பாக்கவேணும்."

"நாளைக்குத் தோட்டத்திலையிருந்து புதுசு ஒண்டு கொண்டாறன்."

"வேண்டாம். என்ரை பேர் எழுதினதுதான் வேணும்."

தக்கை தூளாக உதிர்ந்து வந்தது. மணம் முகத்தில் அடித்தது. வினாகிரி. நாலு வருடத்துக்கு முன் தொள்ளாயிரம் லீற்றரைத் தரையில் ஓடவிட்ட மணம், அதைவிடப் பத்து மடங்காக. முகத்தை அவளுக்குக் காட்டாமல் திரும்பி நின்று, கரண்டியில் இரண்டு துளி விட்டு, தண்ணீர் நிறையக் கலந்து, அவளுடைய உதட்டில் வைத்தார். மாக்கிரட்டின் முகம் சுருங்கியது.

"எரியுது" என்றாள். உடனேயே, "அது என்ரை வாய்ப்புண். உங்கடை வைனிலை பிழை இல்லை" என்றாள்.

வைன் என்ற சொல்லை அவள் வாயால் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எனக்கு ருசி தெரியாது. நீங்கள் குடிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ. துப்ப வேண்டாம்."

"மாக்கிரட், நான் மாதாவுக்கு முன்னாலை சொன்னனான்."

"கேட்டது நான்தானே. நானே விடுறன். மாதாவும் பாத்துக்கொண்டுதான் நிக்கிறா."

தண்ணீர்க் கிளாசில் ஊற்றினார். பதினெட்டு வருடம் ஒரு துளியும் இறக்காத மனுசன் ஒரு வாய் நிறைய எடுத்து விழுங்கினார். தொண்டையைக் கீறிக்கொண்டு இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. அதை அவள் வேறு விதமாக எடுத்துக்கொண்டாள் போலும். எலும்பாய்ப் போன கையை நீட்டி அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"என்ன ருசி? அந்தக் கொப்பியிலை எழுதிற மாதிரிச் சொல்லுங்கோ."

கொப்பியைப் பற்றி அவளுக்குத் தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது. வைனைப் பற்றி வாழ்க்கையில் பொய் சொல்லாத நாக்கு. அருமைராசா இரண்டாயிரத்தோராம் ஆண்டு ஐப்பசியை நினைத்துக்கொண்டார்.

"முதலிலை பச்சை அப்பிள்" என்றார். "பேந்து எலுமிச்சம்பூ. கடைசியிலை, மழை பெய்யிறதுக்கு முதல் மண்ணிலையிருந்து வருமே, அந்த வாசம்."

மாக்கிரட் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது.

"அப்பிளோ? அப்ப நான் சனத்துக்குச் சொன்னது முழுப் பொய்யில்லை."

"இல்லை. பொய்யில்லை."

"நல்ல வேலைதான் செய்திருக்கிறியள்" என்றாள். "இன்னொரு வாய் குடியுங்கோ. நான் பாக்கிறன்."

அவர் குடித்தார். கிளாஸ் முடியும்வரை, முகம் சுழிக்காமல், அவள் பார்க்கப் பார்க்கக் குடித்தார்.

தை பத்தாம் திகதி மாக்கிரட் போய்விட்டாள். நிலம் கல்லாக உறைந்திருந்தது. அவளுக்கு இடம் எடுத்திருந்த சிறிய சேமக்காலையில் பனிக்காலத்தில் குழி வெட்டுவதில்லை. பெட்டியைச் சித்திரை வரைக்கும் காத்து வைத்திருந்து பிறகுதான் தாட்டார்கள். செவ்வாய்க்கிழமை அடக்கம். வியாழக்கிழமை அருமைராசா தோட்டத்துக்குப் போனார். கொடிகளின் மேலிருந்து மண்ணை விலக்குகிற கிழமை அது. அவர் இல்லாமல் மற்றவர்கள் அணைத்த மண்.

மடாம் ஜெர்மென் நிலவறை மேசையில் அவருக்குக் கோப்பி ஊற்றிவைத்துவிட்டு, அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் எந்தப் பக்கம் எந்த வருடம் என்று அவளுக்குத் தெரியும். இரண்டாயிரத்தோராம் ஆண்டுப் பக்கத்தில் கை நின்றது. அந்த வைனின் கடைசிப் போத்தலை இரண்டாயிரத்தேழிலேயே இருவருமாகத் திறந்து, செத்துவிட்டது என்று கண்டு ஊற்றிவிட்டிருந்தார்கள். "முடிந்தது" என்று எழுதி அவர் கோடும் இழுத்திருந்தார். இப்போது கோட்டுக்குக் கீழே ஒரு புது வரி இருந்தது.

"இது என்ன?" என்று கேட்டாள்.

அருமைராசா பிரெஞ்சில் வாசித்தார். "கார்த்திகை, இரண்டாயிரத்தெட்டு. வீட்டில், மாக்கிரட்டோடு. விழுங்கியது. பச்சை அப்பிள். எலுமிச்சம்பூ. மழைக்கு முந்தின மண்."

மடாமும் நாற்பது வருடம் வைன் குடித்தவள். அந்த வருடத்துப் போத்தல் அதற்குள் எப்படி ஆகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கொப்பியை மூடி அவர் பக்கம் தள்ளினாள்.

"நல்ல வருடம் அது" என்றாள்.

"ஓம்" என்றார் அருமைராசா, தமிழிலேயே.